வேலை வண்டியும் உள் ஒழுங்கும்

சங்கத்தில் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவர் தவணை தவறினால், அதன் காரணத்தை விசாரித்து எழுதுவது நமது கடமைகளுள் ஒன்று. மழை பொய்த்தது, விலை விழுந்தது, வீட்டில் நோய், கலியாணச் செலவு என்பவையே பெரும்பாலும் நாம் எழுதும் காரணங்கள். 'வண்டிக்குள் பொருள்கள் ஒழுங்கின்றிக் கிடந்தமை' என்று ஒரு காரணத்தை அறிக்கையில் எழுத நேரும் என்று நாம் எண்ணியதேயில்லை. அவ்வாறு எழுத நேர்ந்த வரலாற்றையும், அதிலிருந்து கற்ற சில பாடங்களையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஓர் ஒப்பந்தக்காரர் இருக்கிறார். விவசாயிகளின் பம்புசெட்டுகளைப் பழுது பார்ப்பது, தறிக்கூடங்களுக்கு மின் கம்பி இழுப்பது, குழாய் பதிப்பது ஆகியவை அவருடைய தொழில். கைத்திறனில் அவருக்கு இணையானவர் அப்பகுதியில் குறைவு. சங்கத்தில் கடன் பெற்று, ஊரார் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, அதற்குத் தகட்டாலான பெட்டியும் கட்டிக்கொண்டார். ஜாமீன் கையெழுத்திட்டவர் அதே ஊரைச் சேர்ந்த முதிய நெசவாளர். ஓராண்டு தவணைகள் ஒழுங்காக வந்தன. பிறகு மூன்று தவணைகள் தொடர்ந்து நின்றன. ஜாமீன்தாரருக்கும் நோட்டீசு போயிற்று.

நாம் விசாரணைக்குச் சென்றபோது அம்முதியவர் தறியைவிட்டு எழுந்து வந்து, நோட்டீசை மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அறுபது வருசமா இந்த ஊரில் இருக்கிறேனுங்க. என் பேருக்கு இப்படி ஒரு காகிதம் வந்ததில்லை" என்று மட்டும் சொன்னார். ஒப்பந்தக்காரரோ, "வேலை இல்லாமல் இல்லைங்க சார். விடிந்தால் ஓட ஆரம்பிக்கிறேன். மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கிறதில்லை" என்றார். வேலை நிறைய இருந்தும் பணம் கட்டாதவர் என்றால், வேண்டுமென்றே தவணை தவறியவர் என்றுதானே முடிவு கட்டத் தோன்றும்? நாமும் அவ்வாறே குறிப்பு எழுதத் தொடங்கினோம். இருப்பினும் ஒரு நாள் அவருடனேயே சென்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதலாம் என்று தோன்றிற்று.

அந்த ஒரு நாளில் நாம் கண்டது இது. முதல் கிணற்றில், மோட்டார் ஓடாமைக்குக் காரணம் கெப்பாசிட்டர் என்பதை அவர் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அக்கெப்பாசிட்டரைத் தம் வண்டிக்குள் கண்டுபிடிக்க அவருக்கு நாற்பது நிமிடமாகியும் முடியவில்லை. குழாய்த் துண்டுகள், கம்பிச் சுருள்கள், வெற்றுச் சாக்குகள், பழைய ஸ்டார்ட்டர்கள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இறுதியில் 14 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்துக்குச் சென்று புதிதாக ஒன்று வாங்கி வந்தார். வெங்காயப் பயிர் வெயிலில் காத்திருந்தது. தோட்டக்காரர் முகமும் வாடியது. மாலையில் இரண்டாவது வேலைக்குப் போக நேரமில்லை. அந்த வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில், சங்கத்தின் களத்தில் தார்ப்பாய் விரித்து, வண்டியிலிருந்த பொருள்கள் அனைத்தையும் இறக்கச் சொன்னோம். அதே அளவுள்ள கெப்பாசிட்டர்கள் மூன்று இருந்தன. ஒரே அளவு ஸ்பானர்கள் நான்கு. பிரிக்கப்படாத இன்சுலேஷன் டேப்புகள் ஒரு பை நிறைய. ஒவ்வொன்றும், இருக்கிறது என்று தெரியாமல் மீண்டும் வாங்கப்பட்டவை. நின்றுபோன மூன்று தவணைகளின் பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை தார்ப்பாயின் மேல் பரந்து கிடந்தது. நாம் எழுதத் தொடங்கிய குறிப்பை அங்கேயே அடித்துவிட்டோம்.

முதற்படி: இறக்கிப் பிரித்தல்

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பது பழமொழி. உண்மையே; ஆனால் வேண்டும் வேளையில் அத்துரும்பு கைக்குக் கிட்ட வேண்டுமல்லவா? தட்டு அமைப்பதற்கு முன் செய்ய வேண்டியது, வண்டியை முழுவதும் காலி செய்து பொருள்களை நான்கு கூறாகப் பிரிப்பதாகும். நாள்தோறும் தேவைப்படுபவை, வாரம் ஒரு முறை தேவைப்படுபவை, எப்போதாவது தேவைப்படுபவை, ஒருபோதும் தேவைப்படாதவை. முதற்கூறு கைக்கெட்டும் இடத்துக்கும், இரண்டாவது கூறு உட்புறத்துக்கும் உரியவை. மூன்றாவது கூறு வீட்டிலோ கொட்டகையிலோ இருக்கட்டும். அவ்வேலை வரும் நாளில் ஏற்றிக்கொண்டால் போதும். நான்காவது கூறு பழைய இரும்புக் கடைக்கு உரியது. நம் நண்பரின் வண்டியிலிருந்து கடைக்குப் போன பொருள்களின் எடை மட்டும் 90 கிலோ. அத்தனை எடையையும் அவர் நாள்தோறும் டீசல் செலவிட்டுச் சுமந்துவந்திருக்கிறார்.

எடை எங்கே இருக்க வேண்டும்?

2005-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டாட்டா ஏஸ் வண்டியின் முதல் வகை ஏறக்குறைய 750 கிலோ சுமக்க வல்லது. அதன் தளம் சுமார் 7 அடி நீளமும், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. தகட்டுப் பெட்டியும் தட்டுகளும் இந்தச் சுமைக் கணக்கில் அடங்கியவையே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1 சதுர மீட்டர் பரப்பும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகடு ஏறக்குறைய 8 கிலோ நிறுக்கும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள முழு ஒட்டுப்பலகை ஒன்று 20 கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஆகவே கண்டபடி கனத்த இரும்பால் அலமாரி செய்துகொண்டால், பொருள் ஏற்ற இடமிருந்தும் எடை இராது.

பளுவான பொருள்கள் தளத்திலேயே, ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். செயின் பிளாக், குழாய் பிடிக்கும் கிளாம்புகள், பைப் ரெஞ்சுகள் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. பின் அச்சுக்குப் பின்னால் பளுவை வைத்தால் முன் சக்கரங்களின்மேல் அழுத்தம் குறையும். ஸ்டியரிங் பிடிமானமும் குறையும். உயரத்தில் வைத்தால் திருப்பத்தில் வண்டி சாயும். வலப்புறம் எவ்வளவு எடையோ இடப்புறமும் ஏறக்குறைய அவ்வளவு இருத்தல் நலம். மேல் தட்டு நம் வீட்டுப் பரணைப் போன்றது. பருமன் மிகுந்து எடை குறைந்த பொருள்களே அங்கே ஏற வேண்டும்.

கட்டப்படாத பொருளின் ஆபத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி திடீரென நிற்குமானால், உள்ளே கட்டின்றிக் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். 20 அடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம் இதுவே. பைப் ரெஞ்சு ஒன்று அந்த வேகத்தில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் வருவதை எண்ணிப் பாருங்கள். ஆகவே பெட்டியின் முன் சுவர் பலமானதாகவும், பளுவான ஒவ்வொன்றும் பட்டையால் இறுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

தட்டு அமைக்கும் முறை

வண்டிக்குள் தட்டு அமைப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடியில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டுவண்டியில் நூலகம் அமைத்துச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் நூலக இயலின் ஐந்து விதிகளை விளக்கிய நூல் சென்னையில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். வாசகருடைய காலத்தை வீணாக்கலாகாது என்பது அவ்விதிகளுள் நான்காவது. நூலுக்குப் பொருந்தும் இவ்விதி ஸ்பானருக்கும் பொருந்தும்.

தட்டுக்கான சட்டங்களுக்குத் துளையிட்ட இரும்பு ஆங்கிள் மிகவும் ஏற்றது. அச்சகம் நடத்திவந்த டெமெட்ரியஸ் காமினோ என்பவர் இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். வெல்டிங் தேவையில்லை, தொழில் மாறினால் தட்டின் உயரத்தையும் போல்டைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வீட்டு அலமாரி அசைவதில்லை. வண்டி அலமாரியோ ஒரு நாளும் அசையாமல் இருப்பதில்லை. சாதாரண நட்டு நம் கிராமச் சாலைகளில் ஒரு மாதத்தில் கழன்றுவிடும். ஆகவே நைலான் வளையம் பதித்த நட்டுகளையோ ஸ்பிரிங் வாஷரையோ பயன்படுத்த வேண்டும். சட்டத்தை மெல்லிய தகட்டோடு இணைக்காமல், பெட்டியின் எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களோடு இணைக்க வேண்டும்.

நண்பரின் வண்டியில் இரு பக்கமும் 1 அடி ஆழமுள்ள தட்டுகள் அமைந்தன. நடுவில் 3 அடிக்குச் சற்றுக் குறைந்த வழி கிடைத்தது. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் 2 அங்குல உயரத்துக்குத் தடுப்புச் சட்டம் வைத்தோம். தட்டைப் பின்புறமாகச் சிறிதே சாய்த்து அமைத்ததால் பொருள்கள் குலுங்கி வெளியே விழுவதில்லை. இடப்புறத் தட்டுகளுக்கு வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு வைத்தோம். நம் சாலையில் வண்டி இடப்புறம் நிற்பது. ஆதலால் அப்பக்கம் நின்று பொருள் எடுப்பவர்மீது பிற வண்டிகள் மோதும் ஆபத்து குறைவு. நாள்தோறும் தேவைப்படும் கருவிகள் எல்லாம் அந்த இடப்புறத்திலேயே, இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இடம் பெற்றன.

நீளமான குழாய்கள்தாம் சிக்கல். 20 அடிக் குழாய் இவ்வண்டிக்குள் அடங்காது. வெளியே நீட்டிக்கொண்டு போவது பின்னால் வருபவரின் உயிருக்கு உலை வைப்பதாகும். முழுக் குழாய்களைக் கடைக்காரரே வேலை நடக்கும் இடத்தில் இறக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு, வண்டியில் 6 அடிக்கு உட்பட்ட துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்வதே முறை.

நெசவாளர் சொன்ன யோசனை

மின் கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது தீராத தொல்லையாக இருந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஜாமீன்தாரர் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏன் தம்பி, பாவு ஓட்டுகிறபோது நூல் கண்டையெல்லாம் குவித்துப் போட்டா இழுக்கிறோம்? கம்பியில் கோத்து வரிசையாய் நிறுத்தினால் இழுக்க இழுக்கத் தானே சுற்றி வராதா?" என்றார். அவ்வாறே இரும்புக் கம்பி ஒன்றைக் குறுக்கே பொருத்தி, கம்பிச் சுருள்களை உருளைகளில் சுற்றிக் கோத்தோம். இப்போது சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை ஆகிய ஐந்து கம்பிகளையும் வேண்டிய அளவு இழுத்து வெட்டிக்கொள்ளலாம்.

திருகாணி, வாஷர், லக், பியூஸ் முதலிய சிறு பொருள்களுக்கு நம் அடுக்களையே வழிகாட்டி. கடுகையும் மிளகையும் தேடி எந்தக் குடும்பத் தலைவியும் கடைக்கு ஓடுவதில்லை. அஞ்சறைப்பெட்டி அவர் கையருகே இருக்கிறது. 5 லிட்டர் எண்ணெய்க் கேன்களைக் கழுவி, முன்புறத்தைச் சாய்வாக அறுத்தெடுத்தால் அழகிய சிறு தொட்டிகள் கிடைக்கும். இவற்றின்மேல் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, அப்பொருளில் ஒன்றையும் வெளியே கட்டித் தொங்கவிட வேண்டும். எழுத்தறியாத உதவியாளும் பார்த்த மாத்திரத்தில் எடுத்துத் தருவார்.

தீப்பற்றக் கூடியவை

ஒழுங்கைவிட முக்கியமானது பாதுகாப்பு. பி.வி.சி. குழாய் ஒட்டும் பசையும், பெயிண்ட் தின்னரும் எளிதில் தீப்பற்றுபவை. சித்திரை வெயிலில் மூடிய தகட்டுப் பெட்டிக்குள் இவற்றின் ஆவி தேங்கும். ஆகவே பெட்டியின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் வேண்டும். அன்றைய வேலைக்கு வேண்டிய அளவை மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். வெல்டிங்குக்கான கறுப்பு நிற ஆக்ஸிஜன் சிலிண்டரையும், அரக்கு நிற அசிட்டிலின் சிலிண்டரையும் மூடிய வண்டிக்குள் ஏற்றவே கூடாது. திறந்த வண்டியில், நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி, வால்வு மூடியுடன் கொண்டு செல்வதே தக்கது. ஆக்ஸிஜன் வால்வின் அருகே எண்ணெயும் கிரீசும் அணுகலாகாது. பாட்டரிகளின் முனைகளை மூடாமல் ஸ்பானர்களோடு போட்டுவைத்தால் தீப்பொறி பறக்கும். உலர் பொடித் தீயணைப்பான் ஒன்றும், முதலுதவிப் பெட்டி ஒன்றும் பின்கதவின் அருகே, வேறெந்தப் பொருளையும் நகர்த்தாமல் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

பலகையே பதிவேடு

சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது இருப்புப் பதிவேட்டையும் கிடங்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமது வழக்கம். ஒப்பந்தக்காரர் மாலைதோறும் பதிவேடு எழுதுவார் என்று எதிர்பார்க்க இயலாது. அதற்கும் எளிய வழி உண்டு. கருவிகள் தொங்கும் பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வண்ணத்தால் கோடிட்டு வரைந்துவிட்டால், எடுத்தது திரும்பி வராதபோது வெற்றிடம் கண்ணை உறுத்தும். வேலை முடிந்து புறப்படுமுன் பலகையை ஒரு முறை பார்த்தால், குறடு கிணற்று மேட்டிலேயே தங்கிவிடுவதில்லை.

செலவாகும் பொருள்களுக்கு இரண்டு தொட்டி முறை. ஒரே பொருளை இரண்டு தொட்டிகளில் வைத்து, முதல் தொட்டி காலியானவுடன் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்திருக்கும் தொட்டிகளே அடுத்த முறை நகரத்துக்குப் போகும்போது வாங்க வேண்டியவற்றின் பட்டியல். இரண்டாவது தொட்டி தீருமுன் சரக்கு வந்துவிடும். தார் தீர்ந்த பிறகு நூல் சுற்ற உட்காரும் நெசவாளர் உண்டா? அடுத்த தார் அருகிலேயே இருக்கிறதல்லவா?

இத்தனையும் செய்தும் ஒழுங்கு தானே நிலைத்துவிடாது. முதல் வாரத்தில் நம் நண்பர் மூன்று நாள் பழைய வழக்கப்படி எல்லாவற்றையும் நடுவழியில் எறிந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். களைத்து வரும் மாலையில் அது இயல்பே. பிறகு, உதவியாளிடம் அப்பொறுப்பை ஒப்படைத்து, வண்டியின் பின்கதவை மூடுமுன் பத்து நிமிடம் ஒதுக்குவதென்று வைத்துக்கொண்டார். அப்பத்து நிமிடத்தை வேலை நேரமாகவே எண்ணி அவருக்குக் கூலி கொடுக்கிறார். அதன்பின்பே ஒழுங்கு நிலைத்தது.

நாம் மீண்டும் அக்கிராமத்துக்குச் சென்றது ஆறு மாதம் கழித்து. நின்றுபோன மூன்று தவணைகளில் இரண்டு வந்துவிட்டன. நடப்புத் தவணைகளும் தவறவில்லை. இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அதை மறைத்து எல்லாம் தீர்ந்துவிட்டதாக எழுதுவது உண்மையாகாது. ஆனால் ஜாமீன்தாரர்மீது தொடங்கிய நடவடிக்கையைச் சங்கம் நிறுத்திவிட்டது. அவரைக் காணச் சென்றபோது தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருக்க, தலையசைத்து உட்காரச் சொன்னார். எழுந்து நின்று வரவேற்ற முந்திய தடவையைவிட அவ்வரவேற்பு நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டிக்குக் கடன் வழங்கும் நிர்வாகக் குழுவினர், அதன் விலையையும் பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் பார்க்கின்றனர்; அதன் உட்புறத்தையும் பார்ப்பார்களாக. தட்டு அமைக்க ஆகும் சிறு தொகையையும் கடன் மனுவிலேயே சேர்த்துக் கொடுப்பது நல்லது. அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறை நாளில் களத்தில் ஒரு தார்ப்பாயை விரித்து, வண்டியில் உள்ளவற்றை எல்லாம் இறக்கிப் பாருங்கள். நம் ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது போல், தொலைந்துபோன தவணையொன்று உங்களுக்கும் அங்கே கிடைக்கக்கூடும்.